இல்லாமற்போன நாட்டின் அமைச்சர்

மேற்கிந்தியத் தீவுகள் என்னும் பெயர் நம்மில் பெரும்பாலோர்க்கு ஒரு கிரிக்கெட் அணியின் பெயராகவே பழக்கம். அதே பெயரில் ஒரு கூட்டாட்சி அரசு இருந்தது என்பதையும், அதற்கெனப் பிரதமரும் அமைச்சரவையும் நாடாளுமன்றமும் இருந்தன என்பதையும் நாம் அதிகம் நினைப்பதில்லை. 1958 ஜனவரி 3 அன்று தோன்றி 1962 மே 31 அன்று கலைக்கப்பட்ட அவ்வரசின் அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண் ஃபிலிஸ் ஷாண்ட் ஆல்ஃபிரி. தொழிலாளர், சமூக நலத் துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவர் நாவலாசிரியரும் கூட. அரசியலால் எழுத்தை இழந்தவர் என்று அவரை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அவ்வரி போதாது என்பதே நம் எண்ணம்.

ஆல்ஃபிரி 1908இல் டொமினிக்கா தீவின் தலைநகரான ரோஸோவில் பிறந்தார். இது ஸ்பானிய மொழி பேசும் டொமினிக்கன் குடியரசன்று; அன்று பிரிட்டனின் ஆளுகையில் இருந்த ஒரு சிறிய மலைத் தீவு. மக்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஆல்ஃபிரியோ பல தலைமுறைகளாகக் கரீபியனில் வாழ்ந்த வெள்ளையர் குடும்பத்தின் மகள்; தந்தை காலனிய அரசின் வழக்கறிஞர். இதே ஊரில் 1890இல் பிறந்த ஜீன் ரீஸை நம் வாசகர் அறிவர். பதினாறு வயதில் இங்கிலாந்து சென்ற ரீஸ் தீவுக்கு ஒருமுறை மட்டுமே வந்துபோனார். ஆல்ஃபிரி வாழ்வதற்கே திரும்பினார்.

இலண்டனில் வாழ்ந்த காலத்தில் தொழிற்கட்சியிலும் ஃபேபியன் சங்கத்திலும் ஈடுபட்டவர் அவர். அவருடைய ‘ஆர்க்கிட் இல்லம்’ நாவல் 1953இல் அங்கு வெளிவந்தது. நலிந்துவரும் வெள்ளையர் குடும்பம் ஒன்றின் மூன்று சகோதரிகள் தீவுக்குத் திரும்பும் கதை அது. கதையைச் சொல்பவள் அவர்களை வளர்த்த கறுப்பினச் செவிலித்தாய் லாலி. நடுமகள் ஜோன், சமையற்காரியின் மகன் பாப்டிஸ்டுடன் சேர்ந்து தொழிலாளரைத் திரட்ட முயல்கிறாள். அச்சமையற்காரியின் பெயர் கிறிஸ்டோஃபின். 1966இல் வெளிவந்த ரீஸின் ‘வைட் சர்காஸோ ஸீ’ நாவலிலும் ஒரு கிறிஸ்டோஃபினை நாம் காண்கிறோம்.

பெரிய வீட்டுப் பிள்ளை உழைப்பவர் பக்கம் நிற்க முடியுமா? நின்றால் அவர்கள் ஏற்பார்களா? நாவல் எழுப்பிய இக்கேள்வியைத் தம் வாழ்விலேயே சோதித்துப் பார்க்க ஆல்ஃபிரி 1954இல் ஊர் திரும்பினார். வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்தச்சரும் தீவின் தொழிற்சங்க முன்னோடியுமான கிறிஸ்டோஃபர் லோப்லாக்குடன் இணைந்து 1955இல் அவர் டொமினிக்கா தொழிற்கட்சியைத் தொடங்கினார். தீவின் முதல் அரசியல் கட்சி அதுவே. 1958 மார்ச்சில் நடந்த கூட்டாட்சித் தேர்தலில் வென்று, டிரினிடாடில் கூடிய நாடாளுமன்றத்துக்குச் சென்றார். பிரதமர் கிராண்ட்லி ஆடம்ஸ் அவரை அமைச்சராக்கினார்.

பதவி பெரிது, கையிருந்த அதிகாரமோ சிறிது. முதல் ஐந்தாண்டுகளுக்கு வருமானவரி விதிக்கும் உரிமை கூட்டாட்சி அரசுக்கு இல்லை. உறுப்புத் தீவுகள் அளித்த பங்கைக் கொண்டே அது நடந்தது. ஜமைக்காவின் நார்மன் மேன்லி, டிரினிடாடின் எரிக் வில்லியம்ஸ் ஆகிய பெருந்தலைவர்கள் தத்தம் தீவரசிலேயே இருந்துவிட்டனர். 1961 செப்டம்பர் வாக்கெடுப்பில் ஜமைக்கா வெளியேற முடிவுசெய்ய, டிரினிடாடும் பின்தொடர்ந்தது. அமைச்சர் பதவியை ஆல்ஃபிரி தேர்தலில் இழக்கவில்லை; அவர் அமைச்சராக இருந்த நாடே இல்லாமற்போயிற்று.

ஊர் திரும்பியவரை எதிர்கொண்டது அதனினும் கடுமையானது. 1961 தேர்தலில் அவர் கட்சி வென்று ஆட்சியில் இருந்தது. ஆனால் தலைமை எட்வர்ட் லெப்லாங்கிடம் போயிருந்தது. கிராமத்து உழவரிடையே வேர்கொண்ட கறுப்பினத் தலைவர் அவர். ‘டொமினிக்கா ஹெரால்ட்’ இதழின் ஆசிரியப் பொறுப்பிலிருந்த ஆல்ஃபிரி, ஆட்சியை விமர்சித்து எழுதியதற்காக 1962இலேயே, தாம் தொடங்கிய கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

இதை வெறும் நன்றிகேடு என்று நாம் கொள்வதற்கில்லை. அடிமை முறையின் நினைவு அழியாத ஒரு சமூகம், தன்னைப் போன்ற முகமுடைய ஒருவரே தன்னை ஆளவேண்டும் என விரும்பியதில் நியாயம் உண்டு. ஆயினும் நீக்கத்துக்குக் காரணமானது எழுத்து என்பதை நாம் மறக்கலாகாது. 1965இல் ஆல்ஃபிரியும் கணவரும் ‘ஸ்டார்’ என்னும் வார இதழைத் தொடங்கினர். 1968இல் லெப்லாங் அரசு இதழ்களின் வாயைக் கட்டும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. மக்கள் அதை ‘வாயை மூடு’ மசோதா என்றே அழைத்தனர். அதனை எதிர்த்தவர் வரிசையில் ஆல்ஃபிரியும் இருந்தார், லோப்லாக்கும் இருந்தார். பிறப்பால் பிரிந்திருந்த இருவர் ஒரே பக்கம் நின்றனர். அப்போராட்டத்தில் பிறந்த சுதந்திரக் கட்சியின் தலைவி யூஜீனியா சார்ல்ஸ் 1980இல் நாட்டின் பிரதமரானார்.

‘ஸ்டார்’ 1982இல் நின்றது. அதே ஆண்டு இலண்டனில் விராகோ பதிப்பகம் ‘ஆர்க்கிட் இல்லம்’ நாவலை மறுபதிப்பாகக் கொணர்ந்தது. 1986இல் ஆல்ஃபிரி வறுமையில் மறைந்தபோது, கூட்டாட்சி அமைச்சரவை அனுபவத்தைக் கொண்டு எழுதத் தொடங்கிய ‘இன் தி கேபினட்’ என்னும் நாவல் முடிக்கப்படாமலே கிடந்தது.

அந்நாவல் நமக்குக் கிடைக்காதது இழப்பே. எனினும் அவர் எழுதாமல் இருந்தவரல்லர். பதினேழு ஆண்டுகள் வாரந்தோறும் ஒரு சிறு தீவின் மக்களுக்காக எழுதினார். நூலகத்தில் நிற்கும் நாவலுக்கு நாம் தரும் மதிப்பை, படித்த மறுநாளே பொட்டலம் கட்டப் போய்விடும் இதழுக்குத் தருவதில்லை. கட்சியும் நாடும் கைவிட்ட பின்னும் ஆல்ஃபிரி ஊரைவிட்டுப் போகவில்லை என்பதற்குச் சான்றாக நிற்பவை அவ்விதழ்களே.