கழிவுக்கு விலை கொடுத்த ஊர்

கழிவுநீர் லாரி வந்து போகும் ஒவ்வொரு முறையும் சங்கக் கணக்கில் ஒரு செலவு ஏறுகிறது. எடுத்துப் போவதற்கு நாம் பணம் கொடுக்கிறோம். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் எடுத்துப் போகிறவர்தான் பணம் கொடுத்தார்.

இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எடோ. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே ஏறக்குறைய 10 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். சுற்றுப்புற விவசாயிகளிடம் ஆடுமாடு குறைவு, எருவுக்குத் தட்டுப்பாடு. அதனால் நகரத்து மலத்தை வாங்கிப் போய், தொட்டியில் புளிக்க வைத்து, தண்ணீர் கலந்து முள்ளங்கி, கத்தரிப் பாத்திகளுக்கு ஊற்றினார்கள். விலையாகப் பணமும் தந்தார்கள், காய்கறியும் தந்தார்கள்.

வரிசை வீடுகளில் பொதுக் கழிப்பறைதான். அதில் சேருவது யாருக்குச் சொந்தம்? ஒசாகா நகரில் மலம் வீட்டு உரிமையாளருக்கு, சிறுநீர் குடியிருப்பவருக்கு என்று பிரித்திருந்தார்கள். வீட்டில் ஆள் குறைந்தால் வாடகையைக் கூட்டும் வழக்கமும் உண்டு! நல்ல சாப்பாடு சாப்பிடும் பிரபுக்களின் மாளிகைக் கழிவுக்கு விலை அதிகம். எந்தப் பகுதியில் யார் எடுப்பது என்று 1724-இல் ஒசாகாவைச் சுற்றியிருந்த கிராமங்கள் இரு அணியாக மோதிக்கொண்டன. அந்த நூற்றாண்டின் இறுதியில், விலையைக் குறைக்கச் சொல்லி எடோ பகுதி விவசாயிகள் அரசிடம் மனுக் கொடுத்தார்கள்.

லண்டனிலோ கழிவெல்லாம் தேம்ஸ் ஆற்றில் கலந்தது. 1858 கோடையில் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத் திரைச்சீலைகளையே கிருமிநாசினியில் நனைத்துத் தொங்கவிட்டார்கள்.

எடோவின் முறையை அப்படியே போற்றவும் முடியாது. சரியாக மட்காத மலம் காய்கறி வழியாகக் குடற்புழுவைப் பரப்பும். நம் நாட்டில் மலம் அள்ளும் வேலை சாதியின் பேரால் சிலர் தலையில் சுமத்தப்பட்டது. அதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆகவே மாடித் தோட்டத்துக்கு அந்த உரம் வேண்டாம்.

ஆனால் எடோவின் கணக்கு நமக்கும் பொருந்தும். அங்கே கழிவுக்கு விலை கிடைத்ததற்கு இரண்டு காரணங்கள்: அது வேறு குப்பையோடு கலக்காமல் தனியே சேர்ந்தது; அதற்குத் தேவை உள்ளவர் பக்கத்திலேயே இருந்தார். நம் வீட்டுக் காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு ஆகியவற்றிலும் செடிக்கு வேண்டிய சத்து இருக்கிறது. தனியாகப் போட்டால் அது மாடியில் இருக்கும் கத்தரிச் செடிக்கு உரம். பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றோடும் சேர்த்து முடிச்சுப் போட்டால், அதை அப்புறப்படுத்தும் செலவு நம் பராமரிப்புக் கட்டணத்தில்தான் வந்து சேரும்.