தலைவெட்டிக் கோயிலும் தஞ்சாவூர்க் கடனும்

எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் ஒரு பழைய தோல் பெட்டி இருக்கிறது. சின்ன வயதில் அதைத் தொட்டாலே பாட்டி சத்தம் போடுவார். "அது தாத்தாவோட தலைவெட்டிக் கோயில் பெட்டி, கீழ வை!" திருச்சியில் தாத்தா மாதம் ஒரு சாயங்காலம் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போய்வந்த இடத்துக்குப் பாட்டி வைத்த பெயர்தான் அது. உள்ளே போகிறவர்களின் தலையை வெட்டி ஒட்டவைப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. தாத்தாவின் கழுத்தில் தையல் அடையாளம் இருக்கிறதா என்று நானே பார்த்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா?

தாத்தா காலமானபிறகுதான் பெட்டியைத் திறந்தோம். உள்ளே இருந்தது நீல ஓரம் வைத்த ஒரு வெள்ளை ஏப்ரன், ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை, பூச்சி அரித்த ஒரு சின்னப் புத்தகம். அவ்வளவுதான். தாத்தா ஒரு பிரீமேசன். அவர் போனது 'லாட்ஜ்'. (நம்மூரில் லாட்ஜ் என்றால் ரூம் போடும் இடம் என்பதால், இதை நண்பர்களிடம் சொல்லவே எனக்குக் கொஞ்சம் சங்கடம்!)

இப்போது ஏன் இந்தக் கதை? என் பெரிய மாமாவும் அதில் இருக்கிறார். நான் பி.காம். கடைசி வருடம். "இருபத்தொரு வயசு ஆயிடுச்சில்ல மாப்ளே, நாங்களா யாரையும் கூப்பிட மாட்டோம். நீயா கேட்டா நான் முன்மொழியறேன்" என்றார் போன பொங்கலுக்கு. அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித்தேடிப் படிக்கிறேன்.

முதலில் இது என்ன?

யூடியூபில் தேடினால் இலுமினாட்டி, டாலர் நோட்டில் கண், உலகை ஆளும் ரகசியக் கும்பல் என்று கொட்டும். இலுமினாட்டி என்பது 1776ல் பவேரியாவில் ஒரு பேராசிரியர் தொடங்கிய வேறொரு சங்கம். பத்து வருடத்துக்குள் அங்கே அரசாங்கமே அதைத் தடை செய்துவிட்டது. அதை விட்டுவிடுவோம்.

பிரீமேசன் சங்கம் இங்கிலாந்தில் வளர்ந்தது. 1717ல் லண்டனில் சில லாட்ஜுகள் சேர்ந்து தலைமை லாட்ஜ் ஒன்றை அமைத்ததாகச் சொல்வார்கள். 1723ல் அதன் விதிகள் அச்சாகின. கல் தச்சர்களின் மூலைமட்டமும் கவராயமும்தான் சின்னம். கடவுள் நம்பிக்கை வேண்டும், ஆனால் எந்த மதமாகவும் இருக்கலாம். லாட்ஜுக்குள் மதச் சண்டையும் அரசியலும் பேசக்கூடாது. உள்ளே எல்லோரும் 'பிரதர்'.

இந்தியாவுக்கு இது கிழக்கிந்தியக் கம்பெனியோடு கப்பலில் வந்தது. 1730ல் கல்கத்தாவில் லாட்ஜ், 1752ல் சென்னையில். ஊர் ஜனங்களுக்குக் கதவு சாத்தியிருந்ததால் கதை பிறந்தது. கிப்ளிங் தன் 'கிம்' நாவலில் இந்தக் கட்டடத்தை 'ஜாதுகர்', அதாவது மாய வீடு என்கிறார். அவரே லாகூர் லாட்ஜில் சேர்ந்தவர்தான். ஆக, பயந்தது என் பாட்டி மட்டும் இல்லை.

திருச்சியில் ஒரு இளவரசர்

மாமா பெருமையாகச் சொல்லும் ஒரு செய்தி உண்டு. இந்தியர்களில் முதல் பிரீமேசன் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் சேர்ந்தது நம் திருச்சியில்! அவர் பெயர் உம்தத்-உல்-உமரா. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன். 1770களின் நடுவில் சேர்ந்தார். இங்கிலாந்துத் தலைமை லாட்ஜ் மகிழ்ந்துபோய் வாழ்த்துக் கடிதமும், அழகான ஏப்ரன் ஒன்றும், விதிப் புத்தகமும் அனுப்பியது. இளவரசரும் நன்றி சொல்லிப் பதில் எழுதினார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் தஞ்சாவூர்க்காரன், அதுவும் வணிகவியல் மாணவன். அதே வருடங்களில் இங்கே கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன்.

நவாப் கம்பெனி அதிகாரிகளிடம் தனிப்பட்ட முறையில் ஏகப்பட்ட கடன் வாங்கியிருந்தார். கடனை அடைக்க அவர் கண் விழுந்தது காவிரிப் பாசனம் உள்ள தஞ்சாவூர் மேல். கப்பம் பாக்கி, ராமநாதபுரத்தின் மேல் படையெடுத்தது என்று காரணம் காட்டி, 1771ல் நவாபும் கம்பெனியும் சேர்ந்து தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். நவாப் தரப்பில் படையோடு வந்தவர் யார் தெரியுமா? நம் 'பிரதர்' உம்தத்-உல்-உமராவேதான். அந்தத் தடவை அவர் மன்னர் துளஜாவோடு ஒரு சமாதானம் செய்துகொண்டு திரும்பினார். 1773ல் மறுபடி வந்தார்கள். செப்டம்பரில் கோட்டை விழுந்தது, துளஜா கைதியானார்.

அடுத்த மூன்று வருடம் டெல்டாவின் விளைச்சல் நவாபின் கடன்காரர்களுக்கு ஈடு. 1776ல் கம்பெனி இயக்குநர்களின் உத்தரவுப்படி, கவர்னர் பிகாட் பிரபு துளஜாவை மறுபடி அரியணையில் வைத்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் ஒரு கணக்கோடு வந்து நின்றார். தஞ்சை வருவாயின் மேல் 1,62,000 பவுண்டு நவாப் தனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், தஞ்சாவூர்க்காரர்களிடமிருந்து இன்னும் 72,000 பவுண்டு வரவேண்டும் என்றார். அந்தப் பாக்கிக்கு ஈடு, வயலில் நின்ற பயிர்! கம்பெனியில் சாதாரணச் சம்பளம் வாங்கியவருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று பிகாட் கேட்டார். சென்னைக் கவுன்சிலில் பெரும்பான்மை பென்ஃபீல்டு பக்கம் சாய்ந்தது. அந்த ஆகஸ்டிலேயே கவர்னரைக் கைது செய்தார்கள். 1777ல் காவலிலேயே அவர் இறந்துபோனார். 1785ல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றிப் பெரிய சொற்பொழிவே நிகழ்த்தினார்.

இளவரசர் 1795ல் நவாப் ஆனார். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபிறகு, அங்கே கிடைத்த காகிதங்களை வைத்து அவர் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார் என்றது கம்பெனி. 1801 ஜூலையில் அவர் இறந்தார். அந்த மாதம் முடிவதற்குள் கர்நாடக ஆட்சி முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. அவருக்கு ஏப்ரன் அனுப்பிய சங்கத்தில் கம்பெனிக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்தச் சகோதரத்துவம் அவர் குடும்பத்தின் ஆட்சியைக் காப்பாற்றவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். இளவரசருக்கு உடனே திறந்த கதவு, இந்துக்களுக்கு ரொம்ப காலம் திறக்கவில்லை. பல தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் ஒரே கடவுள் என்ற விதிக்குள் வருவார்களா என்று விவாதம். கல்கத்தா வியாபாரி பிரசன்ன குமார் தத் 1863ல் விண்ணப்பித்து, ஒன்பது வருடம் போராடி 1872ல்தான் உள்ளே போனார். அவருக்குப் பின் வழி பிறந்தது. 1884ல் சேர்ந்த நரேந்திரநாத் தத்தாவைப் பின்னால் விவேகானந்தர் என்று உலகம் அறிந்தது. 1961ல் இந்தியாவுக்கென்று தனித் தலைமை லாட்ஜ் வந்தது. என் தாத்தா சேர்ந்தது அதற்கடுத்த சில வருடங்களில்.

தாத்தாவின் புரோநோட்டு

இதையெல்லாம் மாமாவிடம் கொட்டிவிட்டு, பாட்டி சொன்ன ஒரு விஷயத்தையும் கேட்டேன். தாத்தா ஒரு கம்பெனியில் கணக்குப் பிள்ளை. அத்தையின் கல்யாணத்துக்கு லாட்ஜ் நண்பர் ஒருவரிடம், அவர் ஒரு ரைஸ்மில் முதலாளி, புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார். சம்பா பொய்த்த வருடம் வட்டி நின்றது. பிரதர் நோட்டை நீட்டினார். திருவையாறு பக்கம் இருந்த மூன்று மா நிலம் போயிற்று. அடுத்த மாதமும் தாத்தா கோட்டு போட்டுக்கொண்டு அதே லாட்ஜுக்குப் போனார், அதே ஆளோடு சாப்பிட்டார். பாட்டிக்கு இன்றுவரை ஆறவில்லை. அவர் அந்தக் கட்டடத்தைத் தலைவெட்டிக் கோயில் என்பது பயத்தில் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஏன் மாமா தாத்தா மறுபடி போனாரு?"

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆபீஸ்ல அவர வாய்யா போய்யான்னுதான் கூப்பிடுவாங்க. லாட்ஜுல டாக்டரும் ஜட்ஜும் பிரதர்னு எழுந்து கை குடுப்பாங்க. மாசத்துல ஒரு நாள்டா. அத விட்டுட அவருக்கு மனசு வரல."

இதைக் கேட்டபின் என்னால் தாத்தாவைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த மரியாதை பொய் இல்லை. ஆனால் அது லாட்ஜ் வாசலோடு நின்றுவிட்டது. இளவரசருக்கும் அப்படித்தான், கணக்குப் பிள்ளைக்கும் அப்படித்தான். வீட்டில் பாதி ராத்திரிவரை விழித்திருந்த பாட்டிக்கு அந்த வாசலுக்குள்ளேயே இடமில்லை, அது ஆண்களுக்கு மட்டும்.

எனவே என் கருத்து இது. பிரீமேசன்கள் சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் என்பது வெறும் கட்டுக்கதை. உலகை ஆட்டிவைக்கும் சக்தி என்பதும் அப்படியே, சொந்த பிரதரின் மூன்று மா நிலத்தைக் காப்பாற்ற முடியாதவர்கள் உலகை எங்கே ஆள்வது? நல்ல மனிதர்கள் கூடும் ஒரு சங்கம், தருமமும் செய்கிறார்கள், மாமாவே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறார். எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் இப்போதைக்கு நான் கேட்கப் போவதில்லை என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "கதவு எங்கயும் போயிடாது" என்றார். பெட்டியைத் துடைத்து, பூச்சி உருண்டை போட்டுப் பரணில் திரும்ப வைத்தேன். பாட்டி கீழிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை.