எஸ்டீமா, விடெக் சிட்டியா?

ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. 1990-ல் திறந்த நாளிலிருந்து அங்கே எத்தனையோ விதமான கார்கள் ஓடியிருக்கின்றன. ஆனால் மாதச் சம்பளக்காரர் ஒருவர், கோப்பை ஆசை எதுவும் இல்லாமல், சொந்த வண்டியைத் தடத்தில் ஒருநாள் விரட்டிப் பார்க்க விரும்பி "பழசா, மலிவா எதை எடுக்கலாம்?" என்று கேட்டால், பேச்சு சுற்றிச் சுற்றி இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்கும். ஒன்று மாருதி எஸ்டீம். மற்றது முதலில் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டி, அதிலும் விடெக். இரண்டுமே டூரிங் கார் பந்தயங்களில் ஓடித் தேறியவை. இரண்டையும் கட்டத் தெரிந்த கைகள் சென்னையிலும் கோவையிலும் உண்டு.

டிராக் டே என்பது பந்தயம் இல்லை. பரிசு கிடையாது, முந்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கட்டணம் கட்டி, கொடுத்த நேரத்துக்குள் நம் வேகத்தில் ஓட்டிவிட்டு வரலாம். அதனால் 'எது வேகமான கார்' என்பது இங்கே இரண்டாவது கேள்வி. மாலை வரை எது நிற்காமல் ஓடும், நின்றுபோனால் எதை அடுத்த மாதத்துக்குள் பணம் கரையாமல் எழுப்ப முடியும் என்பதே முதல் கேள்வி. என் சாய்வு எஸ்டீம் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் பக்க நியாயமும் கீழே வருகிறது.

எஸ்டீம் 1994-ல் வந்தது. அதற்கு முந்தைய மாருதி 1000-ன் உடம்பில் 1.3 லிட்டர் இன்ஜினை வைத்த கார். தொடக்கத்தில் கார்புரேட்டர், 65 குதிரைத்திறன். 2000-ஐ ஒட்டி 16 வால்வு எம்பிஎஃப்ஐ இன்ஜின் வந்தபோது அது 85 ஆனது. தடத்துக்கு எடுப்பவர் தேடவேண்டியது இந்த 85-ஐத்தான். எடை ஏறக்குறைய 875 கிலோ. இன்றைய சின்ன ஹேட்ச்பேக்குகள் பலவற்றைவிட இலேசான செடான் இது.

சிட்டி 1998-ல் வந்தது. 1.5 லிட்டர் இன்ஜினில் 100 குதிரைத்திறன் என்பதே அன்று பெரிய சங்கதி. 2000-ல் வந்த விடெக் 106 தந்தது, அதுவும் 6,800 சுற்றில். 2003-ல் அடுத்த தலைமுறை சிட்டி 77 குதிரைத்திறனோடு வந்து நின்றபோது ரசிகர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். பழைய விடெக்குக்கு இன்று இருக்கும் மவுசுக்கு அந்த ஏமாற்றமும் ஒரு காரணம். ஆகவே சிட்டி தேடுபவர் ஆர்.சி. புத்தகத்தில் ஆண்டைப் பார்க்கவேண்டும். பெயர் ஒன்றுதான், கார் வேறு.

காகிதத்தில் சிட்டிக்கு 21 குதிரைத்திறன் கூடுதல். ஆனால் அதன் எடை ஒரு டன்னை ஒட்டி வருகிறது. டன்னுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால் எஸ்டீமுக்கு 97, சிட்டிக்கு 106. வித்தியாசம் 9-ஆகச் சுருங்கிவிடுகிறது. நேர்ப்பாதையில் சிட்டி முந்தும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வேகத்துக்கு யாரோ விலை கொடுக்கவேண்டும். அதைக் கொடுப்பது பிரேக்.

ஒரு குறுகலான வளைவுக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நுழையவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேர்ப்பாதை முடிவில் எஸ்டீம் 140-ல் வருகிறது, சிட்டி 150-ல் வருகிறது. ஓட்டுநர் எடையையும் சேர்த்துப் பார்த்தால், சிட்டியின் பிரேக் சூடாக மாற்றவேண்டிய ஆற்றல் எஸ்டீமைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். பத்து கிலோமீட்டர் வேகமும் நூற்றுச் சொச்சம் கிலோவும் சேர்ந்து செய்யும் வேலை இது. இரண்டுக்குமே முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. தடத்தில் நாலாவது சுற்றில் சிட்டியின் பெடல் மெத்தென்று இறங்கத் தொடங்கும்போது எஸ்டீமின் பெடல் இன்னும் மிச்சம் வைத்திருக்கும்.

பெடல் இறங்குவதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் இதில்தான் பயந்துபோகிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 4 ரகத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. காலிப்பருக்குள் ஆயில் கொதித்துக் குமிழி உண்டானால், நாம் மிதிப்பது ஆயிலை நகர்த்தாது, குமிழியைத்தான் அமுக்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பழைய கார்களில் பிரேக் ஆயிலை வாங்கிய நாள் முதல் மாற்றாதவர்கள் ஏராளம். எந்த வண்டி எடுத்தாலும் முதல் செலவு புது டாட் 4 ஆயிலும் நல்ல பேடும்தான். இன்ஜினில் கைவைக்க நினைப்பதெல்லாம் அதற்கப்புறம்.

இனி சிட்டியின் பக்கம். அந்த இன்ஜினை 5,000 சுற்றுக்கு மேல் கேட்டவர்களுக்கு எஸ்டீம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். விடெக்கின் சூட்சுமம் எளிமையானது. கேம் ஷாஃப்டில் இன்டேக் வால்வுகளுக்கு இருவிதமான மேடுகள் இருக்கின்றன. குறைந்த சுற்றில் தாழ்ந்த மேடு வேலை செய்கிறது. சுற்று ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு சின்ன பின்னைத் தள்ளி ராக்கர்களை ஒன்றாகப் பூட்டிவிடும். உடனே உயர்ந்த மேடு பொறுப்பேற்கும், வால்வு அதிகம் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும். சத்தமே மாறிவிடும். வளைவை விட்டு வெளியே வரும்போது ஊசியை அந்த இடத்துக்கு மேலேயே வைத்திருக்கப் பழகியவருக்கு சிட்டி தரும் சுகத்தை எஸ்டீம் தராது. கியர் விழுவதும் சிட்டியில் துல்லியம்.

ஆனால் மேலே சொன்னதில் ஒரு கண்ணி இருக்கிறது: ஆயில் அழுத்தம். இருபது வருடம் ஓடி, பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும் இன்ஜினில் அளவு குறைந்தால், நீண்ட வளைவில் சம்ப்பிலுள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப் காற்றை இழுக்கும். விடெக் பூட்டாமல் போவது அதில் சின்ன நஷ்டம், பேரிங் காய்வதுதான் பெரிய நஷ்டம். தடத்துக்குப் போகும் நாளில் டிப்ஸ்டிக்கின் மேல் கோடுவரை ஆயில் இருக்கவேண்டும், ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் மறுபடி பார்க்கவேண்டும். எஸ்டீமுக்கும் இது பொருந்தும். ஆனால் சிட்டி இன்ஜின் போனால் வரும் பில் வேறு ரகம்.

அந்தக் காலத்து ஹோண்டாக்களுக்கு இன்னொரு பலவீனம் டிஸ்ட்ரிபியூட்டர். இக்னிஷன் காயிலும் இக்னைட்டரும் அதற்குள்ளேயே அடைந்து கிடக்கின்றன. சூட்டில் நாளாவட்டத்தில் செத்துப்போகின்றன, முன்னறிவிப்பு எதுவும் தராமல். வெயில் ஏறிய நேரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி அணைந்து, ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பினால் சந்தேகப்படவேண்டிய இடம் அது. அடுத்த சந்தேகம் ஃப்யூயல் பம்புக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலே. சாலிடர் விரிசல் விட்டு இதே நாடகத்தை ஆடும். சிட்டி எடுப்பவர் ஸ்டெப்னிக்கு அடுத்தபடியாக இந்த இரண்டையும் மாற்றுக்கு டிக்கியில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். கிடைத்தால்தானே வைப்பது என்பீர்கள். அங்கேதான் ஒப்பீடே திசை திரும்புகிறது.

எஸ்டீம் 2007-ல் உற்பத்தி நின்ற கார். ஆனால் அதன் இன்ஜின் நிற்கவில்லை. அதே 1.3 குடும்பம் ஜிப்ஸியில் ஓடியது, வெர்சாவில் ஓடியது, 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட்டிலும் ஓடியது. பார்ட்ஸ் கேட்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையில் ஏறினால் கை விரிக்கமாட்டார்கள். புதுப்பேட்டையில் அலைந்தால் முழு இன்ஜினே கிடைக்கும். அதைவிட முக்கியம், கோவையின் எல்ஜிபி நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய ஃபார்முலா கார்களின் முதுகில் இருப்பதும் ஸ்விஃப்ட்டின் 1.3 தான். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டிக் காட்டிய கரிவர்தன் காலத்திலிருந்தே கோவைப் பட்டறைகளுக்கு சுசுகி இன்ஜின் அத்துப்படி. ஹெட் வேலை எவ்வளவு செய்யலாம், எங்கே நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் உடையும் என்பதெல்லாம் பல வருடப் பந்தயத்தில் தெரிந்துகொண்ட விஷயங்கள். 1.3 போதவில்லை என்றால் அதே குடும்பத்துப் பழைய பலேனோவின் 1.6 லிட்டர், 94 குதிரைத்திறன் இன்ஜினை எஸ்டீமுக்குள் இறக்குவதும் பழகிய வேலைதான்.

சிட்டிக்கு இந்தச் சொந்தபந்தம் இங்கே இல்லை. உலகம் முழுக்க அதன் இன்ஜின் குடும்பத்துக்கு ஆயிரம் டியூனிங் சாமான் உண்டு, ஆனால் அவை கப்பலேறி வந்து சுங்கவரி கட்டி நம் கைக்குச் சேரவேண்டும். உள்ளூரில் நல்ல விடெக்கை வைத்திருப்பவர் அதை விற்கமாட்டார். விற்றாலும் ரசிகர் விலை சொல்வார். அந்தப் பணத்தில் ஓடும் நிலையிலுள்ள எஸ்டீம் ஒன்றையும், பார்ட்ஸுக்காக உடைக்க இன்னொன்றையும் பெரும்பாலும் வாங்கிவிடலாம். மேலும், பாதுகாத்து வைக்கவேண்டிய அளவுக்கு அருகிவிட்ட காரைச் சுவரில் உரசும் சாத்தியமுள்ள இடத்துக்குக் கொண்டுபோவது எனக்கு உவப்பாக இல்லை.

எஸ்டீமின் பரம எதிரி துரு. வாங்கப் போகும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கையில் ஒரு டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் போதும். பானெட்டைத் திறந்து முன் சஸ்பென்ஷனின் மேல் முனை உடம்போடு சேரும் வட்டத்தைப் பாருங்கள். அங்கே பெயின்ட் கொப்புளித்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டவேண்டும். கணீரென்று கேட்டால் தகடு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே இருப்பது பட்டியும் நம்பிக்கையும். பிறகு கால்விரிப்பைத் தூக்கித் தரை, கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு, டிக்கிக்குள் பின் சஸ்பென்ஷன் மேடை. கடற்கரையோரம் ஓடிய வண்டியை விட்டுவிட்டு, கோவை, ஈரோடு பக்கத்து வண்டியைத் தேடுவது நல்லது. தேய்ந்த இன்ஜினை மாற்றிவிடலாம்; அரித்த உடம்பில் வெல்டிங் வைத்துக்கொண்டே போனால் அதற்கு முடிவே இருக்காது. பவர் ஸ்டீயரிங் இல்லாத எல்எக்ஸ் கிடைத்தால் ஒதுக்காதீர்கள். பார்க்கிங்கில் தோள் வலிக்கும், ஆனால் தடத்தில் டயர் என்ன செய்கிறது என்பதை அந்த ஸ்டீயரிங் ஒளிவுமறைவில்லாமல் கைக்குச் சொல்லும்.

கட்டும் விஷயத்தில் இரண்டுக்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் சுருக்கமாகப் போகலாம். பிரேக் முடிந்ததும் குளிர்விக்கும் அமைப்பு: ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலன்ட். சென்னை வெயிலில் வெறும் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டருடன் தடமேறுவது இன்ஜினைக் காவு கொடுப்பதற்குச் சமம். டைமிங் பெல்ட்டின் வரலாறு தெரியாவிட்டால் புதிது போடவேண்டும். சிட்டியில் அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. பிறகு ஷாக் அப்சார்பர், புஷ், நல்ல டயர். இவற்றுக்கு அப்புறமும் காசு மிஞ்சினால் இருக்கை. பின் சீட்டையும் ஸ்டெப்னியையும் ஓடும் நேரத்தில் இறக்கிவைத்தாலே கணிசமான எடை குறையும், செலவு ஒன்றுமில்லை. எக்ஸாஸ்ட் சத்தத்தில் முதல் பணத்தைப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நேரத்தைப் பார்க்க வருவதில்லை.

ரோல் கேஜ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கவேண்டும். ஹெல்மெட்டும் பட்டைப் பெல்ட்டும் போட்டவரைக் காக்கும் அதே இரும்புக் குழாய், ஹெல்மெட் இல்லாமல் அலுவலகம் போகிறவரின் மண்டையைப் பிளக்கும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதிப்படுத்தியது. கேஜ் போட்டால், பலேனோ இன்ஜினை அனுமதியில்லாமல் இறக்கினால், அது சாலைக் கார் இல்லை. லாரியில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோகவேண்டும், ஒவ்வொரு முறையும் அந்த வாடகை சேரும். சாலைப் பதிவைக் காப்பாற்ற நினைப்பவருக்கு வேறு செலவு. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபதிவு. காருக்கான அந்தக் கட்டணம் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ஆகியிருக்கிறது. நாம் பேசும் இரண்டு கார்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. மலிவுக் காரின் விலையில் இதைச் சேர்க்காமல் கணக்குப் போடுபவர்கள் முதல் வருடத்திலேயே சலித்துப்போகிறார்கள்.

முதல் கார் என்றால் 16 வால்வு எஸ்டீமைச் சாலைப் பதிவோடு, கேஜ் இல்லாமல், பிரேக்கும் டயரும் மட்டும் சீராக்கி எடுத்துக்கொள்ளச் சொல்வேன். கோவை செட்டிபாளையத்தின் கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். நேர்ப்பாதை குறைவு என்பதால் அங்கே எஸ்டீமின் குறை இன்னும் சின்னதாகத் தெரியும். பழகவும் அது தோதான இடம். ஏற்கெனவே தடம் பழகி, பிரேக்கை எங்கே விடவேண்டும் என்று காலுக்குத் தெரிந்து, இன்ஜின் ஒன்று போனாலும் வீட்டில் சண்டை வராத நிலையிலிருப்பவர் விடெக்கைத் தேடலாம். அவரும் ரசிகர் மெருகேற்றி வைத்த காரை விட்டுவிட்டு, பெயின்ட் மங்கிய, இன்ஜின் மட்டும் தேறிய ஒன்றாகப் பார்த்து எடுக்கட்டும். கேட்ட விலையில் மிச்சமாகும் பணம் மாற்று டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ரிலேவுக்கும் ஆகும்.