மவுண்ட் ஹாரியட்டா, மவுண்ட் மணிப்பூரா? அந்தமான் தேசியப் பூங்காவை எப்படிக் குறிப்பிடுவது?

அந்தமானுக்குச் சுற்றுலா செல்வோர் தவறாமல் பார்க்கும் மலைப் பூங்கா ஒன்று இரண்டு பெயர்களுடன் வழங்கி வருகிறது. அரசு ஆவணங்களில் அது 'மவுண்ட் மணிப்பூர் தேசியப் பூங்கா'. பழைய வரைபடங்களிலும் பயண நூல்களிலும், பலரது பேச்சிலும் அது இன்னமும் 'மவுண்ட் ஹாரியட்'. பெயர் மாற்றம் 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இரண்டில் எதை, எப்போது பயன்படுத்துவது என்ற கேள்விக்கு விடை காண, இரு பெயர்களும் எப்படி வந்தன என்பதை முதலில் அறிய வேண்டும்.

தெற்கு அந்தமானில், தலைநகரை நோக்கியவாறு துறைமுகத்தின் எதிர்க்கரையில் எழுந்து நிற்கும் இம்மலையின் உயரம் சுமார் 383 மீட்டர். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தலைமை ஆணையரின் கோடைக்கால இருப்பிடம் இங்கே இருந்தது. அக்கட்டடத்தின் சிதைவுகளை இன்றும் காணலாம்.

ஹாரியட் என்பவர் ஆட்சியாளர் அல்லர். 1862 முதல் 1864 வரை போர்ட் பிளேர் கைதிகள் குடியிருப்பின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி. 1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய தில்லியைக் கணவருடன் சேர்ந்து ஒளிப்படங்களில் பதிவு செய்தவர். தில்லி முற்றுகை பற்றிய நினைவுக் குறிப்புகளையும் எழுதியவர். முற்றுகையின்போது மாட்டு வண்டியில் பிறந்த தம் மகனுக்கு 'ஸ்டான்லி டெல்லி ஃபோர்ஸ்' என்று பெயரிட்டார். படை நின்ற இடத்தைப் பிள்ளைக்குப் பெயராகச் சூட்டியவரின் பெயர், பின்னாளில் ஒரு மலைக்குச் சூட்டப்பட்டது.

புதிய பெயரின் பின்னணி 1891ஆம் ஆண்டின் ஆங்கிலோ-மணிப்பூர் போர். அவ்வாண்டு மார்ச் மாதம் அசாம் தலைமை ஆணையர் குவின்டன் உள்ளிட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் இம்பாலில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து போர் மூண்டது. ஏப்ரல் இறுதியில் இம்பால் வீழ்ந்தது. இளவரசர் திகேந்திரஜித்தும் தங்கல் தளபதியும் ஆகஸ்டு 13 அன்று தூக்கிலிடப்பட்டனர். மகாராஜா குலச்சந்திர துவஜ சிங்கும் மேலும் 22 பேரும் கடல் கடந்து அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

செல்லுலார் சிறையின் கட்டுமானம் 1896இல்தான் தொடங்கி 1906இல் நிறைவடைந்தது. எனவே மணிப்பூர் கைதிகள் இம்மலையில் வைக்கப்பட்டனர். சிறைவாசம் அனுபவித்தவர்களின் நினைவைவிட அதிகாரியின் குடும்பத்தினர் பெயர் மலைக்கு உரியதா என்பதே மாற்றத்துக்குப் பின்னிருந்த கேள்வி. அதற்கு அரசு அளித்த விடையில் நியாயம் உண்டு.

ஆயினும் 'ஹாரியட்' என்ற சொல்லை வரலாற்றிலிருந்து எடுத்துவிட முடியாது. 1872 பிப்ரவரி 8 அன்று இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு இம்மலை மீது ஏறி, உச்சியிலிருந்து சூரியன் மறைவதைப் பார்த்தார். இறங்கி வந்தபோது, அடிவாரத்திலுள்ள ஹோப்டவுன் படகுத்துறையில் ஷேர் அலி அப்ரிதி என்ற கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். பதவியிலிருந்த ஒரு வைஸ்ராய் கொலையுண்ட ஒரே நிகழ்வு அது. ஷேர் அலி அடுத்த மாதம் வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார். மணிப்பூர் கைதிகள் தீவில் கால் வைப்பதற்குப் 19 ஆண்டுகள் முன்பு நடந்ததை 'மவுண்ட் மணிப்பூரில் மேயோ பிரபு' என்று எழுதினால் காலம் குழம்பிவிடும். பழைய நிகழ்வுகளுக்கு அக்காலப் பெயரையும், இன்றைய செய்திகளுக்கு இன்றைய பெயரையும் பயன்படுத்துவதே முறையாகும். முதல் முறை குறிப்பிடும்போது 'முன்பு மவுண்ட் ஹாரியட்' என ஒரு சொற்றொடர் சேர்த்தால் படிப்பவருக்கு ஐயம் எழாது.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய பெயரிலும் 'மவுண்ட்' என்ற ஆங்கிலச் சொல் நீடிக்கிறது. அதை மொழிபெயர்த்து 'மணிப்பூர் மலை' என்று எழுதும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் 'மணிப்பூர் மலையில் சுற்றுலாப் பயணிகள்' என்ற தலைப்பைக் காண்பவர், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள வடகிழக்கு மாநிலத்தையே எண்ணுவார். ஆகவே 'மவுண்ட் மணிப்பூர்' என்பதை ஒரே பெயராகக் கொண்டு, 'அந்தமான்' என்ற சொல்லையும் சேர்ப்பதே பாதுகாப்பானது.

தீவுகளின் பெயர்களிலும் இதே கவனம் தேவை. நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றியதன் 75ஆம் ஆண்டான 2018 டிசம்பர் 30 அன்று, ராஸ் தீவு 'நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் த்வீப்' ஆனது. நீல் தீவு 'ஷாஹீத் த்வீப்' எனவும், ஹேவ்லாக் தீவு 'ஸ்வராஜ் த்வீப்' எனவும் மாறின. 'த்வீப்' என்றாலே தீவு என்பதால், 'ஸ்வராஜ் த்வீப் தீவு' என்பது நடுச்சென்டர் போன்ற வழக்கு. நேதாஜி அந்தமானுக்கு 'ஷாஹீத்' என்றும் நிகோபாருக்கு 'ஸ்வராஜ்' என்றும் பெயரிட்டிருந்தார். இன்று அவ்விரு பெயர்களும் அந்தமானிலேயே அருகருகே உள்ள இரு சிறு தீவுகளுக்கு உரியவை.

இவற்றில் நீல் என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1857இல் கொடுமைகள் புரிந்த ஜேம்ஸ் நீலின் சிலை சென்னை மவுண்ட் சாலையில் நின்றது. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடைபெற்றது. 1937இல் ராஜாஜி அமைச்சரவையின் காலத்தில் சிலை அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. தீவின் பெயர் மாற மேலும் 81 ஆண்டுகள் ஆயின.

பயணிகளை அதிகம் குழப்பக்கூடியது ராஸ் தீவு. பெயர் மாறியது தலைநகருக்கு எதிரேயுள்ள ராஸ் தீவுதான். வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் அருகே, மணல் திட்டால் இணைந்த ராஸ், ஸ்மித் தீவுகள் வேறு. படகுச் சீட்டு எடுக்குமுன் எந்த ராஸ் என்று கேட்டுத் தெளிவது நல்லது.

தலைநகரான போர்ட் பிளேரும் 2024 செப்டம்பர் 13 அன்று 'ஸ்ரீ விஜயபுரம்' எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பில் சோழர் கடற்படைத் தளம் பற்றிய குறிப்பும் இருந்தது. ஸ்ரீவிஜயம், முதலாம் ராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்து வென்ற அரசின் பெயர் என்பது தமிழ் வாசகர்களை ஒரு கணம் நிறுத்தும். விடுதலைப் போராட்ட வெற்றியைக் குறிப்பதே 'விஜய' என்று அரசு விளக்கியுள்ளது. விமான நிலையத்தின் குறியீடான ஐஎக்ஸ்இசட் மாறவில்லை.

எல்லாப் பெயர்களும் மாறிவிடவில்லை. பம்பூஃபிளாட், ஃபெரார்கஞ்ச், குட்வில் எஸ்டேட் என ஆங்கிலச் சாயல் கொண்ட ஊர்ப் பெயர்கள் தொடர்கின்றன. பூங்காவுக்குச் செல்லச் சாத்தம் படகுத்துறையில் ஏறி, பம்பூஃபிளாட்டில் இறங்கி, மலைச் சாலையில் வாகனத்தில் செல்ல வேண்டும். வழி கேட்கும்போது இரு பெயர்களையும் சொல்வது பலன் தரும்.

பூங்காவை நேரில் காணாதவர்களும் அதன் காட்சியை அறிவர். பழைய செந்நிற 20 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் உள்ள தென்னை மரங்களும் கடலும் கலங்கரை விளக்கமும் இம்மலையிலிருந்து தெரிபவை. 2019இல் வெளியான புதிய 20 ரூபாய்த் தாளில் அவ்விடத்தை எல்லோரா குகைகள் பிடித்துக்கொண்டன. பழைய தாள்கள் இன்னமும் செல்லுபடியாகும்.