இழுவிசையில் நிற்கும் உட்கரு: ஓர் இணைப்பின் ஆய்வு வரலாறு

பள்ளிப் பாடநூல் படங்களில் உட்கரு, சைட்டோபிளாசத்தின் நடுவே எதனோடும் ஒட்டாமல் மிதக்கும் உருண்டை. உண்மையில் ஆக்டின் இழைகளும் நுண்குழல்களும் அதை எல்லாப் பக்கமும் பற்றியிருக்கின்றன. இந்த உண்மை தெரியவந்த வரலாற்றைப் பெரும்பாலும் புரதங்களின் பெயர்ப்பட்டியலாகவே எழுதுகிறார்கள். பற்றியிருப்பவை எவை என்று கண்டது பாதிக் கதைதான். அவற்றின் வழியே எவ்வளவு விசை ஓடுகிறது, அது நின்றால் உட்கரு என்னவாகும் என்று சோதித்தது மறுபாதி. அந்த மறுபாதியில் பெங்களூருக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் தடயம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவின் மேல்தோலில் ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள் சீரான இடைவெளியில் அமைந்திருக்கும். ஆன்க்-1 என்ற மரபணு பழுதான புழுக்களில் அவை இடம்விட்டு நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் குவிவதை 1982இல் ஹெட்ஜ்காக்கும் தாம்சனும் பதிவு செய்தார்கள். அந்த மரபணு உருவாக்கும் புரதம் 8,500க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட பூதம் என்பதும், அதன் ஒரு முனை உட்கரு உறையிலும் மறுமுனை ஆக்டினிலும் பற்றுகிறது என்பதும் 2002இல்தான் ஸ்டார், ஹான் இருவரின் ஆய்வில் வெளிவந்தன. இருபது ஆண்டுத் தாமதத்துக்குக் கருவிக் குறைவு மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மரபணு பழுதானாலும் புழு உயிரோடு இருந்தது, முட்டையிட்டது. சாகாத புழுவைப் பற்றி யார் பதறப்போகிறார்கள்?

இதற்கிடையில் விசையை நேரடியாகக் காட்டிய சோதனை ஒன்று நடந்தது. 1997இல் மேனியோட்டிஸ், சென், இங்பர் ஆகியோர் செல்லின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் ஏற்பிகளில் நுண்மணிகளை ஒட்டவைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயால் இழுத்தார்கள். உள்ளே உட்கரு நீண்டது. நியூக்ளியோலஸ்களும் இழுத்த திசையில் வரிசைப்பட்டன. வெளியே இழுத்தால் உள்ளே அசைகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. எது கடத்துகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

சிக்கல் உறையில் இருந்தது. உட்கருவைச் சுற்றி இரண்டு சவ்வுகள். நடுவில் சில பத்து நானோமீட்டர் இடைவெளி. ஒரே புரதம் இரண்டையும் துளைத்து நிற்கவில்லை. வெளிச்சவ்வில் நெஸ்ப்ரின் குடும்பம், உட்சவ்வில் சன் குடும்பம், இரண்டும் இடைவெளியில் கைகோக்கின்றன என்ற விடை துண்டு துண்டாகவே கிடைத்தது. ஈஸ்ட்டின் சாட்1 புரதத்துக்கும் புழுவின் அன்க்-84 புரதத்துக்கும் உள்ள ஒற்றுமை 1999இல் தெரிந்தது. பாலூட்டிச் செல்களில் நெஸ்ப்ரின்-2ஐ வெளிச்சவ்வில் பிடித்து வைப்பது சன்1 என்பதை 2005இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வுக்குழு காட்டியது. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் வி. சி. பத்மகுமார். அடுத்த ஆண்டு கிரிஸ்ப்பும் சக ஆய்வாளர்களும் முழு அமைப்புக்கும் ‘லிங்க்’ என்று பெயரிட்டார்கள். பெயர் வைத்தவர்களே மேற்கோள்களில் முந்துவது அறிவியலில் வழக்கமானதுதான். மூன்று சன்2 மூலக்கூறுகள் சேர்ந்து மூன்று நெஸ்ப்ரின் முனைகளைக் கவ்வும் படிக அமைப்பு 2012இல் வெளியானது.

இந்தியாவில் இரு மையங்கள் இருவேறு வழியில் இதை அணுகின. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் வீணா பர்னாயிக் குழு, உட்சவ்வை உள்ளிருந்து தாங்கும் லேமின் புரதங்களை ஆராய்ந்தது. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இயற்பியலாளர் ஜி. வி. சிவசங்கர் வேறு கேள்வியை எழுப்பினார்: உட்கருவின் வடிவம் அதற்கே சொந்தமா, இழுப்பவற்றின் தயவா? 2010இல் அவரும் அப்ரதிம் மஜும்தாரும் வெளியிட்ட கட்டுரையில், எலிக்கரு நார்ச்செல்லின் உட்கருவுக்குள் இறுகிக் கிடக்கும் குரோமாட்டின் முடிச்சுகளை லேசரால் சிதைத்தார்கள். உட்கரு எல்லாப் பக்கமும் ஒரேபோலச் சுருங்கவில்லை. ஒரு திசையில் கூடுதலாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் சுருங்கியது. கோவளம் போன்ற மீனவக் கரைகளில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிராக இராது: இரு கயிறுகளும் இறுகியிருக்கும்வரைதான் வலைக்கு வடிவம்.

அதே கட்டுரையின் இன்னொரு முடிவு இன்னும் கனமானது. இப்படி எப்போதும் இழுவிசையில் இறுகி நிற்கும் நிலைக்கு முன்-இறுக்கம் என்று பெயர். கருக் குருத்தணுக்களில் அதன் அறிகுறி இல்லை. அவை வேறுபட்டு வளரத் தொடங்கிய பிறகே தோன்றியது. பழ ஈயின் கருவிலும் செல்லெல்லைகள் உருவான பிறகுதான் லேசர் பட்ட உட்கரு சரிந்தது. இணைப்பு என்பது பிறப்பிலேயே முடிந்துபோன கட்டுமானமல்ல, வளர்ச்சியின்போது சம்பாதிக்கப்படுவது. லிங்க் வரலாறுகள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுவது சரியல்ல.

சிவசங்கர் பின்னர் சிங்கப்பூரில் தொடர்ந்த ஆய்வில், நார்ச்செல்களைக் குறுகிய வடிவங்களுக்குள் பத்து நாள் வளர்த்தபோது, வெளியிலிருந்து எந்த வேதிப்பொருளும் சேர்க்காமலே அவை குருத்தணுக்களின் பண்புகளைப் பெறத் தொடங்கியதை 2018இல் அவரது குழு அறிவித்தது. இழுவிசை குரோமாட்டினை நேராகத் தொட்டு மரபணுக்களைத் திறக்கிறதா, சைட்டோபிளாசத்திலிருந்து உட்கருவுக்குள் நுழையும் எம்கேஎல் போன்ற புரதங்கள் வழியாகத் திறக்கிறதா என்பதில் வழக்கு தீரவில்லை. செல்லிலிருந்து பிரித்தெடுத்த தனி உட்கருவை நெஸ்ப்ரின்-1 வழியாக இழுத்தாலும் அது விறைப்பாகிறது என்று 2014இல் கிலூயி குழு காட்டியது முதல் தரப்புக்கு வலுச்சேர்க்கிறது. ஆனால் அந்த விறைப்புக்கும் உட்சவ்விலுள்ள எமரின் புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏறும் வேதிவினை தேவைப்பட்டது.