திருக்கோவிலூர்ச் சந்திப்பும் உயர் பகு எண் அட்டவணையில் விடுபட்ட எண்ணும்

முன்னுரை

சீனிவாச இராமானுசன் (1887–1920) பெயரைக் கேட்டதும் 1729 என்னும் எண்ணே பலர் நினைவுக்கு வருகிறது. எண்களை வகைப்படுத்துவதில் அவர் ஆற்றிய பெரும்பணியோ 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்த ‘உயர் பகு எண்கள்’ பற்றிய கட்டுரையாகும். அப்பணிக்கு வழிதிறந்த தென்னார்க்காட்டுச் சந்திப்பையும், அக்கட்டுரை அட்டவணையின் இறுதி எண்ணையும், அதில் விடுபட்ட எண்ணையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திருக்கோவிலூர்ச் சந்திப்பு

1910இல் வேலை தேடிக் கும்பகோணத்திலிருந்து புறப்பட்ட இராமானுசன், விழுப்புரத்தில் வண்டி மாறித் திருக்கோவிலூரை அடைந்தார். தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்த அவ்வூர், 1993இல் உருவான விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கி, 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குச் சென்றது. 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயர் அப்போது அங்குத் துணை ஆட்சியராக இருந்தார். இராமானுசன் கேட்டது எழுத்தர் பணி. குறிப்பேட்டைக் கண்ட ஐயருக்கு, அவரை வருவாய்த்துறையின் கடைநிலையில் அமர்த்த மனம் ஒப்பவில்லை. சென்னைக் கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பினார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியே செல்லும் இருப்புப்பாதை சேரும் அந்நகரமே அவருடைய கணித வாழ்வின் அடுத்த களமாயிற்று. 1911இல் கழக இதழில் அவரது முதற்கட்டுரை வெளிவந்தது. 1914இல் அவர் இங்கிலாந்து சென்றார்.

உயர் பகு எண்ணின் இலக்கணம்

தன்னினும் சிறிய எண்கள் அனைத்தையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண் உயர் பகு எண் எனப்படும். 12க்கு 6 வகுத்திகள் உள்ளன; அதனிற் சிறிய எதற்கும் 4க்கு மேல் இல்லை. இத்தகைய எண்ணில் பகா எண்கள் 2 முதல் இடைவிடாது வரும்; அவற்றின் அடுக்குகள் ஏறுவதில்லை. 4, 36 ஆகிய இரண்டு நீங்கலாக, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே அமையும் என்பதையும் இராமானுசன் நிறுவினார்.

இறுதி எண்ணும் விடுபட்ட எண்ணும்

102 எண்கள் கொண்ட அவரது அட்டவணை 67,46,32,83,88,800 என்னும் எண்ணுடன் முடிகிறது. அதன் காரணி வடிவம் 2⁶×3⁴×5²×7²×11×13×17×19×23. அடுக்கு ஒவ்வொன்றுடனும் 1 கூட்டிப் பெருக்கினால் 10,080 வகுத்திகள் கிடைக்கின்றன. எனினும் இது ‘மேம்பட்ட உயர் பகு எண்’ என்னும் குறுகிய வகையில் அடங்காது. அவ்வகையைச் சேர்ந்த 22,48,77,61,29,600இன் மும்மடங்காகும்.

அட்டவணையில் இடம்பெறாது போன உயர் பகு எண் 2,93,31,86,25,600. இதற்கு 5,040 வகுத்திகள் உள்ளன. இதனை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் இறுதி எண்ணே கிடைக்கிறது. விடுபட்ட எண்ணும் இராமானுசன் வகுத்த இலக்கணத்துக்கு முற்றும் பொருந்துகிறது. ஆகவே குறை பட்டியலில் உள்ளதேயன்றி, நிறுவப்பட்ட தேற்றங்களில் இல்லை.

முடிவுரை

இப்பணிக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. இலண்டன் கழகத்தின் நிதி நெருக்கடியால் அன்று அச்சேறாத பகுதி, நிக்கோலா, ரோபன் ஆகியோரின் குறிப்புகளுடன் 1997இல் வெளிவந்தது. கணிப்பொறி இல்லாக் காலத்து அட்டவணையில் ஓரெண் விடுபட்டதைவிட, அதனை இனங்காணும் அளவுகோலை அக்கட்டுரையே தந்திருப்பது வரலாற்று நோக்கில் முதன்மையானது. திருக்கோவிலூரில் மறுக்கப்பட்ட எழுத்தர் பணியை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.