தோம்பும் லயமும்

'தோம்பு' என்பது யாழ்ப்பாணத் தமிழில் காணிப் பதிவேட்டின் பெயர். போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த இச்சொல், 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஆட்சியிலும் நிலைபெற்றது. உடையவர் பெயரையும் நிலத்தையும் எழுதி வரி தண்டுவதற்கு அது பயன்பட்டது.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் ஒரு கலைநூலை வெளியிட்டார். 'முற்றுப்பெறாத தோம்பு' என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். போரினால் இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்கள், தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்தனர். அவ்வரைபடங்களோடு ஓவியரின் சித்திரங்களும் அந்நூலில் இடம்பெற்றன. ஆள்வோர் எழுதிய பதிவேட்டின் பெயரை, குடிகள் எழுதிய பதிவேடு ஏற்றுக்கொண்டது.

செகிஞ்சான், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. லயங்களில் வாழ்ந்த நம் முன்னோருக்கு அவ்வீடுகளின்மேல் பட்டா இல்லை; வேலை போனால் வீடும் போயிற்று. ஊர்ப்பெயரும் நிலையாக நில்லாது: பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. லயம், பிரட்டுக்களம், ஆயாக்கொட்டகை ஆகிய சொற்களே நமக்கு எஞ்சிய தோம்பு. அவை நின்ற இடங்களை வரைந்து காட்டவல்ல முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் கையில் தாளும் எழுதுகோலும் கொடுப்போம். வரைந்த ஒவ்வோரிடத்தின் பெயரையும் அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வைப்போம்.